எல்லா மோட்டாருக்கும் சென்சார் மாட்டிவிடலாமா?

கேள்வி: வணக்கங்க. பல்லடம் பக்கத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பொறுப்பு பார்க்கிறேன். ரிங் ஃபிரேம் 24, அதற்கேற்ற கார்டிங், சிம்ப்ளெக்ஸ், ஆட்டோகோனர், இரண்டு ஸ்க்ரூ கம்ப்ரசர், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் எல்லாம் இருக்கிறது. ஷெட்யூல் மெயின்டனன்ஸ் தவறாமல் செய்கிறோம். தீபாவளி லீவில் முக்கியமான மோட்டார்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பேரிங் மாற்றிவிடுவோம். அப்படியும் ஸ்பின்னிங் பகுதிக்கு ஈரக் காற்று அனுப்பும் சப்ளை ஃபேன் மோட்டாரில் ஒரே வருடத்தில் மூன்று முறை பேரிங் போய்விட்டது. 22 கிலோவாட் மோட்டார், போன வருடம்தான் கரண்ட் மிச்சமாகும் என்று ட்ரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) போட்டோம். சின்ன முதலாளி ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, எல்லா மோட்டாருக்கும் வயர்லெஸ் சென்சார் மாட்டி கண்டிஷன் பேஸ்டு முறைக்கு (மெஷினின் நிலையை அளந்து பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் வேலை செய்வது) மாறிவிடலாம், ஷெட்யூலையே நிறுத்திவிடலாம் என்கிறார். எங்கள் மூத்த ஃபிட்டரோ, "என்ற காதே போதுமுங்க, முப்பது வருசமா கேக்காத சத்தமா?" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: யார் பேச்சு என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த சப்ளை ஃபேன் மோட்டார். அதில் சென்சார் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று முறையும் முன்கூட்டியே சொல்லியிருக்கும். நடுராத்திரியில் ஓடிப்போய் மாற்றியதைப் பகலில் நிதானமாக மாற்றியிருப்பீர்கள். நல்லதுதான், ஆனால் பேரிங் மூன்று முறை போயே இருக்கும். நோய் என்ன என்று பார்க்காமல் காய்ச்சலை மட்டும் அளந்துகொண்டிருப்பதில் பாதிப் பலன்தான்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது "போன வருடம்தான் ட்ரைவ் போட்டோம்" என்ற வரி. ட்ரைவ் என்பது மின்னழுத்தத்தை ஒரு நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டித்தான் மோட்டாருக்கு அனுப்புகிறது. அந்த வெட்டில் மோட்டாரின் ஷாஃப்டில் மின்னழுத்தம் ஏறி நிற்கும். எர்த் ஆக வேறு வழி கிடைக்காவிட்டால் அது பேரிங்குக்குள் இருக்கும் மெல்லிய கிரீஸ் படலத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும். ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் குழி. கொஞ்ச நாளில் பேரிங்கின் ஓடுபாதை முழுக்க வரி வரியாகிவிடும், கிரீஸ் கறுத்துப்போகும். ஷெட்யூல்படி கிரீஸ் அடித்தாலும் சரி, ஜெர்மன் பேரிங்கே போட்டாலும் சரி, இது நிற்காது.

அதனால் கேட்கிறேன், கழற்றிய பேரிங் கையில் இருக்கிறதா, எடைக்குப் போட்டாயிற்றா? இருந்தால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிரைண்டரில் வெளி ரிங்கை வெட்டித் திறந்து பாருங்கள். கூரைத் தகரம் போல சீரான இடைவெளியில் வரிகள் இருந்தால் மின்சாரம்தான் ஆள். பால்களின் இடைவெளிக்கு ஒத்த இடைவெளியில் தனித்தனிப் பள்ளங்கள் தெரிந்தால் சுத்தியலில் அடித்து மாட்டியிருக்கிறார்கள். தேய்ந்த தடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியிருந்தால் அலைன்மென்ட் கோளாறு. நீலமும் பழுப்புமாக நிறம் மாறி, கிரீஸ் காய்ந்திருந்தால் சூடு. உங்கள் இடம் காற்றைத் தண்ணீரால் ஈரமாக்கும் ஏர் வாஷர் பக்கத்தில் இருப்பதால் துருவும் இருக்கலாம், அப்படியானால் ஈரம் உள்ளே போகும் வழியைத் தேட வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு அரை மணி நேரம் போதும். இனிமேல் முக்கிய மெஷின்களில் கழற்றும் ஒவ்வொரு பேரிங்கையும் வெட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, தேதியும் மெஷின் நம்பரும் எழுதிக் கட்டி வையுங்கள். கண்டிஷன் பேஸ்டு முறையின் முதல் வேலை இதுதான், இதற்குச் செலவே இல்லை.

மின்சாரம் என்று உறுதியானால், 22 கிலோவாட் அளவு மோட்டாருக்கு ஷாஃப்டில் ஏறும் மின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் ஷாஃப்ட் கிரவுண்டிங் ரிங் போடுவதும், ட்ரைவிலிருந்து மோட்டாருக்குக் கவசம் உள்ள கேபிள் இழுத்து இரண்டு முனையிலும் அந்தக் கவசத்தை நன்றாக எர்த் செய்வதும்தான் முதல் மருந்து. மின்சாரம் கடக்காத இன்சுலேட்டட் பேரிங் பெரிய மோட்டார்களில்தான் அதிகம் தேவைப்படும். பஞ்சுத் தூசி இருக்கும் இடமாதலால் அந்த ரிங்கை அவ்வப்போது சுத்தம் செய்ய மறக்காதீர்கள். ட்ரைவ் போட்ட ஃபேன்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. வேகம் மாறும்போது ஏதோ ஒரு வேகத்தில் ஃபேன் நிற்கும் சட்டத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய் மொத்தமும் ஆடும். 38 ஹெர்ட்ஸில் ஆடுகிறது, 42-இல் அடங்கிவிடுகிறது என்றால் கெட்டது பேரிங் அல்ல. அந்த வேகத்தைத் தாண்டிப் போகும்படி ட்ரைவிலேயே ஸ்கிப் ஃப்ரீக்வென்சி போட்டுவிடலாம்.

அடுத்தது தீபாவளி லீவு. சின்ன முதலாளி ஷெட்யூலை நிறுத்தச் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்று நான் நினைப்பது இந்த இடத்தில்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை, லீவு கிடைத்தது என்பதற்காகத் திறக்கிறோம். நாலு நாளில் அத்தனை மோட்டாரையும் முடிக்க வேண்டும், பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், மிச்சம் இருப்பவர்களுக்கும் மனசு வீட்டில்தான் இருக்கும். லீவு முடிந்து மில் ஓட ஆரம்பித்த முதல் இரண்டு வாரத்து பிரேக்டவுன் லாக்புக்கை எடுத்துப் பாருங்கள், மற்ற வாரங்களோடு ஒப்பிடுங்கள். பல மில்களில் அந்த இரண்டு வாரம்தான் உச்சமாக இருக்கும்.

இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடலோரக் காவல் விமானங்களுக்கு 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை இருந்தது. வாடிங்டன் என்ற உயிரியலாளரும் அவரோடு இருந்தவர்களும் கணக்கெடுத்தபோது, எதிர்பாராத பழுதுகள் அந்தச் சோதனை முடிந்தவுடன்தான் அதிகம், நாள் ஆக ஆகக் குறைகிறது என்று தெரிந்தது. திறந்து மூடியதே பழுதைக் கொண்டுவந்தது. அப்புறம் 1978-இல் நௌலன், ஹீப் என்ற இரண்டு அமெரிக்க விமானப் பொறியாளர்கள், விமானப் பாகங்களில் சுமார் 11 சதவீதம்தான் வயதானால் கெட்டுப்போகும் வகை என்று காட்டினார்கள். 68 சதவீதம் புதிதில்தான் அதிகம் கெடுபவை. விமானக் கணக்கு மில்லுக்கு அப்படியே பொருந்தாது, சதவீதத்தை விட்டுவிடுங்கள். ஆனால் "புதுசு போட்டாச்சு, இனி ஒரு வருடம் கவலை இல்லை" என்ற நினைப்பு சரியில்லை என்பது நமக்கும் பொருந்தும். பேரிங் கேட்டலாகில் போட்டிருக்கும் ஆயுள் மணி நேரம்கூட, 100 பேரிங் ஓடினால் 90 தாங்கும் என்ற கணக்குதான். 10 அதற்கு முன்பே போகும், மிச்சத்தில் பல அதைப்போல் சில மடங்கு ஓடும். எது எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்று நாள்காட்டிக்குத் தெரியாது.

அதற்காக ஷெட்யூலை முழுக்க நிறுத்திவிட முடியுமா? முடியாது. ட்ராவலர் மாற்றுவது, காட்ஸ் பஃபிங், கார்டு ஒயர் கிரைண்டிங், கம்ப்ரசர் ஃபில்டர் இதெல்லாம் ஓட ஓடத் தேயும் சாமான்கள். தேய்மானம் ஒரே சீராக இருக்கும்போது நாள் கணக்கு, டன் கணக்குதான் சரி. ஏர் ரிசீவர் டேங்க் சோதனை சட்டப்படி கட்டாயம், அதில் நம் விருப்பம் எதுவும் இல்லை. இன்னொரு கோடியில், ஸ்பிண்டில் டேப், சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் போன்றவற்றை அறுந்தபின், நின்றபின் மாற்றினாலே போதும். ஒரு ஃபிரேமில் ஆயிரத்துச் சொச்சம் ஸ்பிண்டில் இருக்கும்போது ஒரு டேப்புக்கு யாரும் காவல் இருக்க முடியாது.

ஆக உங்கள் மில்லில் அளந்து பார்த்து முடிவெடுக்க வேண்டியவை அதிகம் இருக்காது. இப்படி யோசியுங்கள். 24 ரிங் ஃபிரேமில் ஒன்று நின்றால் 23 ஓடும். சப்ளை ஃபேன் நின்றால்? சித்திரை வைகாசியில் பல்லடத்துக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரப்பதம் இறங்கியதும் இழை அறுந்து, ரோலரில் பஞ்சு சுற்றி லேப்பிங் விழுந்து, டிபார்ட்மென்ட் முழுக்கத் திண்டாடும். கம்ப்ரசர் நின்றால் ஆட்டோகோனர் அத்தனையும் நிற்கும். அதனால் சப்ளை, ரிட்டர்ன் ஃபேன்கள், இரண்டு கம்ப்ரசர், ப்ளோரூமின் முக்கிய ஃபேன்கள், வேஸ்ட் கலெக்‌ஷன் ஃபேன், மெயின் பேனல்கள். இதோடு ஆரம்பியுங்கள். ரிங் ஃபிரேம் மெயின் மோட்டார்கள் அடுத்த வருடம் வரட்டும்.

இவற்றுக்கு ஒரு கையடக்க வைப்ரேஷன் மீட்டர் போதும். அதிர்வின் வேகத்தை மி.மீ./நொடியில் காட்டுவது மட்டும் போதாது. பேரிங்கின் ஆரம்பப் பழுதைச் சொல்லும் உயர் அதிர்வெண் அளவும் அதில் இருக்க வேண்டும், வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். பேரிங் கெடும்போது முதலில் இந்த உயர் அதிர்வெண்ணில்தான் தெரியும். அப்புறம் மி.மீ./நொடி அளவு ஏறும். காதுக்குக் கேட்பது அதற்கும் பிறகு. கையில் சூடு தெரிந்தால் கடைசிக் கட்டம் வந்தாயிற்று.

எங்கே வைத்து அளப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பேரிங் ஹவுசிங்கில் பக்கவாட்டு, மேல், ஷாஃப்டின் நீளவாக்கு என்று மூன்று இடத்தில் பெயின்ட்டால் புள்ளி வையுங்கள். யார் போனாலும் அந்தப் புள்ளியில்தான் வைக்க வேண்டும். ட்ரைவ் உள்ள ஃபேனை அளக்கும் நேரத்தில் ஒரே வேகத்துக்கு, 45 ஹெர்ட்ஸ் என்றால் 45-க்குக் கொண்டுவந்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் 35-லும் அடுத்த மாதம் 48-லும் அளந்த எண்களை ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது.

எல்லை எது? ஐ.எஸ்.ஓ. 10816 என்ற சர்வதேச அதிர்வுத் தரத்தின் மூன்றாம் பகுதி (இப்போது 20816) 15 முதல் 300 கிலோவாட் வரை, உறுதியான கான்கிரீட் தளத்தில் உள்ள மெஷினுக்கு 1.4 வரை புது மெஷின் தரம், 2.8 வரை கவலையில்லாமல் ஓட்டலாம், 4.5 வரை கொஞ்ச காலம் மட்டும், அதற்கு மேல் சேதம் என்கிறது. எல்லாம் மி.மீ./நொடி, ஆர்.எம்.எஸ். கணக்கு. இரும்புச் சட்டத்தின் மேல் ஆடும்படி நிற்பதற்கு 2.3, 4.5, 7.1. ஆனால் இந்த எண்களைவிட உங்கள் மெஷினின் சொந்த வரலாறுதான் பெரியது. எப்போதும் 0.9 காட்டிக்கொண்டிருந்த கம்ப்ரசர் திடீரென்று 2.0 காட்டினால், புத்தகப்படி அது நல்ல மெஷின், என் கணக்குப்படி உடனே போய்ப் பார்க்க வேண்டிய மெஷின்.

அளவு ஏறியதும் பேரிங்கைத்தான் மாற்ற வேண்டும் என்றும் இல்லை. ரிட்டர்ன் ஏர் ஃபேனில் இறக்கையில் பஞ்சும் தூசியும் படிந்து பேலன்ஸ் போயிருக்கும், துடைத்துவிட்டால் இறங்கிவிடும். துடைத்தும் இறங்காவிட்டால் கணபதி, பீளமேடு பக்கம் பேலன்ஸிங் செய்து தரும் பட்டறைகள் இருக்கின்றன. ஃபேனுக்கு ஜி 6.3 தரம் என்று எழுதிக் கேளுங்கள். கிரீஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பார்த்த மில்களில் கிரீஸ் குறைந்து கெட்ட பேரிங்கைவிட அதிகமாகி வெந்துபோன பேரிங்தான் அதிகம். திரும்ப அடிக்க வேண்டிய கிரீஸ் எத்தனை கிராம் என்பதற்கு வெளி விட்டத்தையும் அகலத்தையும் மி.மீ.யில் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் போதும். 6310 பேரிங்குக்கு வெளி விட்டம் 110, அகலம் 27. பெருக்கினால் ஏறக்குறைய 15 கிராம். உங்கள் கிரீஸ் கன் ஒரு அழுத்துக்கு எத்தனை கிராம் தள்ளுகிறது என்று கேன்டீன் தராசில் பத்து அழுத்து நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். "வெளியே பிதுங்கும் வரைக்கும் அடி" என்ற பழக்கம் அன்றோடு நின்றுவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பது? முதல் அறிகுறி தெரிவதிலிருந்து மெஷின் நிற்பது வரை கிடைக்கும் அவகாசத்தில் பாதி, அல்லது அதற்கும் குறைவு. இரண்டு மாதம் அவகாசம் தரும் பழுதை மாதம் ஒருமுறை பார்க்கலாம். சப்ளை ஃபேனுக்கு இப்போதைக்கு வாரம் ஒருமுறை.

பேனல்களுக்குத் தெர்மல் கேமரா. வருடம் இரண்டு முறை வெளியாளைக் கூப்பிட்டால் போதும், கேமரா வாங்க வேண்டாம். பஞ்சு பறக்கும் இடத்தில் ஒரு லூஸ் கனெக்‌ஷன் தீ மூட்டிவிடும் என்பதால், பணம் குறைவாக இருந்தால் முதல் ரூபாயை நான் இதில்தான் போடுவேன். மில் ஃபுல் லோடில் ஓடும்போது எடுக்கச் சொல்லுங்கள். இணைப்பில் எழும் சூடு கரண்ட்டின் வர்க்கத்தோடு ஏறுவது, பாதி லோடில் எடுத்தால் கால் பங்குதான் தெரியும், லீவு நாளில் எடுத்தால் ஒன்றுமே தெரியாது. பளபளப்பான செம்புப் பட்டை எவ்வளவு கொதித்தாலும் கேமராவில் குளிர்ச்சியாகக் காட்டும். அதனால் ஒட்டியிருக்கும் டேப்பையோ கேபிள் உறையையோ பார்த்து மூன்று ஃபேஸையும் ஒப்பிட வேண்டும். வருபவருக்கு இது தெரிகிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். கம்ப்ரசருக்கு ஆயில் சாம்பிள். பிசுபிசுப்பு, அமில அளவு, நீர், இரும்புத் துகள் நான்கையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

இப்போது வயர்லெஸ் சென்சார். எனக்கு அதன்மேல் பகை ஒன்றும் இல்லை. ஆள் போக முடியாத இடத்துக்கு அது வேண்டும். உங்கள் சப்ளை ஃபேன் மோட்டார் டக்டுக்குள் இருந்தால் ஓடும்போது கை வைத்து அளக்கவே முடியாது. அங்கே ஒயர் உள்ள சென்சாரை நிரந்தரமாகப் பொருத்தி ஒயரை வெளியே இழுத்துவிடுங்கள், இரும்பு டக்டுக்குள் வயர்லெஸ் சிக்னல் தடுமாறும். மற்றபடி விற்க வருபவரிடம் நான்கு கேள்வி கேட்கலாம். எந்த அதிர்வெண் வரைக்கும் அளக்கும்? மோட்டாரின் வேகம் மாறுவது அதற்குத் தெரியுமா? சந்தா கட்டுவதை நிறுத்தினால் பழைய பதிவுகள் எங்களுக்குக் கிடைக்குமா? ராத்திரி எச்சரிக்கை வந்தால் அதை யார் பார்ப்பது? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "உங்கள் மொபைலுக்கு வருமுங்க" என்பார்கள். எல்லா மோட்டாரிலிருந்தும் வந்தால் நாலாம் நாள் நீங்களே சைலென்ட்டில் போட்டுவிடுவீர்கள்.

உங்கள் மூத்த ஃபிட்டரை இந்த வேலைக்கு எதிராளியாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்பதும் மெஷினின் நிலையைப் பார்த்து முடிவெடுப்பதுதான். அவர் கேட்பது தாமதமான கட்டம், எழுதி வைக்கப்படாதது, இந்த இரண்டும்தான் குறை. மீட்டரை அவர் கையிலேயே கொடுங்கள். அளப்பதற்கு முன் "உங்களுக்கு எப்படிங்கண்ணா தோணுது?" என்று கேட்டு, அவர் சொன்னதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். படிப்பு உள்ள ஒரு சின்னப் பையனை அவரோடு சேர்த்துவிட்டு, அந்தப் பையனை ஐ.எஸ்.ஓ. 18436 படி வைப்ரேஷன் முதல் நிலைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். பதிவுத் தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டால் ஒடிசா, பீகார் பையன்கள் ஷிஃப்டில் இருந்தாலும் குழப்பம் வராது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. மீட்டர் 5.0 காட்டுகிறது, ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆர்டர் அவசரம். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? கண்டிஷன் பேஸ்டு முறை கவிழ்ந்த இடங்களில் பெரும்பாலும் கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கும். "இந்த லாட் மட்டும் முடியட்டும்" என்று புரொடக்‌ஷன் மேனேஜர் கேட்டிருப்பார், மெயின்டனன்ஸ்காரர் தலையாட்டியிருப்பார். நாலு முறை அப்படி நடந்தால் ஐந்தாம் முறை அளப்பதற்கே யாரும் போக மாட்டார்கள்.

அதனால் கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே ஒரு தாள் தயார் செய்யுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் மூன்று எல்லை. பச்சை என்றால் திறக்கக்கூடாது, தீபாவளி லீவாக இருந்தாலும் கூடாது. மஞ்சள் என்றால் வாரம் ஒருமுறை அளந்து, சாமான் வாங்கி வைத்து, வருகிற வார லீவில் வேலை. சிவப்பு என்றால் அந்த ஷிஃப்ட் சூப்பர்வைசரே யாரையும் கேட்காமல் நிறுத்தலாம், மறுநாள் அவரை யாரும் கேள்வி கேட்கக்கூடாது. இதில் புரொடக்‌ஷன் மேனேஜர், நீங்கள், சின்ன முதலாளி மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சின்ன முதலாளி இதற்குச் சம்மதித்தால் சென்சாருக்கும் சம்மதியுங்கள், சப்ளை ஃபேனிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக. தயங்கினால் சென்சார் பணத்தை வங்கியிலேயே விட்டுவைக்கலாம்.

நிறுத்தித் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றுமே இல்லாமல் போகும் நாளும் வரும். அன்றைக்கு எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். அதையும் தாளில் எழுதுங்கள்: என்ன காட்டியது, திறந்தபோது என்ன இருந்தது. ஒரே மெஷினில் இரண்டு முறை அப்படி ஆனால், அளந்த புள்ளியும் வேகமும் சரிதானா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியென்றால் அந்த மெஷினுக்கு மட்டும் எல்லையைக் கொஞ்சம் ஏற்றி, தேதி போட்டு, மூன்று பேரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கிவிடுங்கள்.